சுவரைப் பார்த்து வரையுங்கள்: குறும்புப் படம் ஒட்டப் பழகலாம்

தெருவோவியம் என்றதும் ஸ்பிரே டப்பாவும் இருபதடிச் சுவரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நாம் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. கொஞ்சம் காகிதம், தடித்த மார்க்கர், அடுப்பில் காய்ச்சிய மைதாப் பசை இருந்தால் போதும். காகிதத்தில் வரைந்து, ஓரத்தை வெட்டி, சுவரில் ஒட்டும் இந்த முறையைப் பேஸ்ட்-அப் என்பார்கள். பிடிக்கவில்லையென்றால் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டலாம். சுவரிலேயே வரைகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதலில் சுவர், அப்புறம்தான் படம்

வீட்டில் உட்கார்ந்து ஆசை ஆசையாக ஒரு படத்தை வரைந்து முடித்துவிட்டு, அதற்குச் சுவர் தேடக் கிளம்பாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். படம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் எந்தச் சுவரில் பிடித்துப் பார்த்தாலும் வழி தவறி வந்த விருந்தாளி போல முழித்துக்கொண்டு நின்றது. குறும்பில் பாதியைச் சுவரிடமிருந்துதான் வாங்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அதனால் முதல் நாள் பென்சிலைத் தொடாமல் சும்மா நடந்து பாருங்கள். சுவரோரம் இறங்கும் தண்ணீர்க் குழாய், கீறல், பெயர்ந்த பூச்சு, இடுக்கில் முளைத்த புல் என்று பழுதாகக் கிடப்பவற்றைத் தேடுங்கள். குழாய் ஒன்று யானையின் தும்பிக்கையாகலாம். கீறல் கழைக்கூத்தாடியின் கயிறாகலாம். புல்லுக்குக் கீழே ஒரு முகத்தை ஒட்டினால் அதுவே தலைமுடி. ஸ்லிங்கச்சூ என்ற கலைஞர் 2006-இல் லண்டன் தெருக்களில் பொம்மை ரயிலோடு வரும் குட்டி மனிதர்களை வைக்கத் தொடங்கினார். அவர்களுக்கு நம் குப்பையும் குட்டையுமே உலகம். யான் ஃபோர்மான் 2007-இல் இத்தாலியின் பொக்கின்யானோ என்ற சிற்றூரில் இடிந்த சுவரின் பொத்தல்களைப் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளால் அடைக்க ஆரம்பித்தார். இருவரும் முதலில் இடத்தைப் பார்த்தவர்கள்.

இடம் கிடைத்ததும் நேருக்கு நேர் நின்று ஒரு புகைப்படம் எடுங்கள். குழாயின் உயரத்தையும் கீறலின் நீளத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுவரின் உரிமையாளரிடம் அனுமதியை எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். மாவுப் பசைதான், வெந்நீர் ஊற்றினால் போய்விடும் என்று சொன்னால் பலர் இளகுவார்கள். பழமையான கட்டடங்கள், போக்குவரத்துப் பலகைகள், இன்னொருவர் வரைந்த சுவர் ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம்.

கோடும் கண்ணும்

எடுத்த புகைப்படத்தின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, குழாயையோ கீறலையோ சேர்த்துக்கொண்டு உருவத்தைக் கிறுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு கிறுக்கல்கள் வேண்டும். முதல் மூன்றும் எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும்.

வண்ணம், நிழல் எதுவும் இப்போது வேண்டாம். 1980 தொடங்கிச் சில ஆண்டுகள் கீத் ஹேரிங் என்ற ஓவியர் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாத இடங்களில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தின் மேல் வெள்ளைச் சாக்கட்டியால் வரைந்தார். போலீஸ் வருவதற்குள் முடிக்க வேண்டும், அழித்துத் திருத்த நேரமில்லை. அங்கே பழகிய கோடுதான் கடைசிவரை அவருடைய அடையாளம். நீங்களும் ரப்பரை ஒளித்துவைத்துவிட்டு, ஓர் உருவத்தை ஒரே மூச்சில் வரைந்து பழகுங்கள்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் கண். இரண்டு வட்டம், உள்ளே இரண்டு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் புள்ளியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது. கீழ் மூலையில் வைத்தால் திருடி மாட்டிக்கொண்ட முழி. மேலே வைத்தால் பகல் கனவு. இரண்டையும் மூக்கை நோக்கி நெருக்கினால் அசட்டுத்தனம். எனக்குப் பிடித்த வழி, சுவரில் உள்ள கீறலையே கண்கள் பார்க்கும்படி வைப்பது. போகிறவர்களும் அந்தக் கண்ணைத் தொடர்ந்து கீறலைப் பார்ப்பார்கள்.

பெரிதாக்குவது

படத்தைச் சுற்றி 12 × 18 செ.மீ. பெட்டி போட்டு, 2 செ.மீ. கட்டங்களாகப் பிரியுங்கள். மொத்தம் 54 கட்டம் வரும். மெல்லிய தாள்களைப் பின்பக்கம் ஒட்டிச் சேர்த்து 60 × 90 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்து, அதில் 10 செ.மீ. கட்டங்கள் போடுங்கள். இனி ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோட்டை மட்டும் பார்த்துப் பெரிய கட்டத்தில் வரைய வேண்டும். முழு உருவத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் கை தடுமாறும். கெட்டி அட்டை வேண்டாம். சுவரின் மேடுபள்ளத்தோடு படியாமல் எழும்பி நிற்கும்.

மார்க்கர் அழியாத மை கொண்டதாக இருக்கட்டும். நான் ஒருமுறை சாதாரண ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பூனை வரைந்து ஒட்டினேன். பசை பட்டதும் பூனை கறுப்புக் கண்ணீர் வடித்தது. அச்சடிப்பதானால் லேசர் பிரிண்டர் தாங்கும், இங்க்ஜெட் மை பெரும்பாலும் கரைந்துவிடும்.

வெட்டும்போது கோட்டை ஒட்டியே வெட்டாமல் ஒரு விரல் அகலம் வெள்ளை விடுங்கள். அழுக்குச் சுவரில் உருவத்தை எடுத்துக் காட்டுவது அந்த வெள்ளைதான்.

பசை காய்ச்சுவது

அரை கப் மைதாவை அரை கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒன்றரை கப் தண்ணீர் கொதித்ததும் கரைசலை மெல்ல ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் உருண்டை உருண்டையாகிவிடும். தீயைக் குறைத்து, பால் நிறம் போய்க் கண்ணாடிபோல் லேசாகத் தெளியும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். அன்றே தீர்த்துவிடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், அப்புறம் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டுவது

மழையில்லாத நாள் வேண்டும். தூசியைத் தட்டி, அகலமான பிரஷ்ஷால் சுவரில் பசை பூசுங்கள். படத்தின் மேல் விளிம்பை முதலில் பிடித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே கீழே வாருங்கள். முடித்ததும் படத்தின் மேலும் ஒரு பூச்சு. ஓரங்களை விட்டுவிடாதீர்கள், பிரிவது அங்கேதான் தொடங்கும். சின்னச் சுருக்கங்களைப் பார்த்துப் பதற வேண்டாம். நனைந்த காகிதம் விரிகிறது, காயும்போது இழுத்துக்கொள்ளும்.

அனுமதி கிடைக்கவில்லையென்றால்

வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே ஒரு கண்காட்சி வைத்துவிடலாம். காட்சிக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவது வழக்கம். நீங்கள் தரையோரம் ஒட்டுங்கள், வருகிறவர்கள் மண்டியிட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு சிறிய அட்டையில் "சுவிட்சைக் கண்டு அஞ்சும் எலி, காகிதமும் மைதாவும், 14 × 9 செ.மீ." என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதிவையுங்கள். அட்டை எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ, அவ்வளவு சிரிப்பு வரும். பாஸ்டன் பகுதியில் 1993-இல் தொடங்கிய 'மோசமான கலைக்கான அருங்காட்சியகம்' குப்பையில் கண்டெடுத்த ஓர் ஓவியத்திலிருந்து பிறந்தது. அங்கேயும் ஒவ்வொரு படத்துக்கும் பயபக்தியோடு விளக்கக் குறிப்பு உண்டு.

எங்கே ஒட்டியிருந்தாலும் இரண்டு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உருவம் நிறையும்படி பக்கத்தில், இன்னொன்று தெருவே தெரியும்படி தூரத்தில். வெயிலும் மழையும் பட்டால் சில வாரங்களிலேயே ஓரம் கிழியத் தொடங்கும். அப்போது வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்து, தட்டையான கரண்டியால் சுரண்டினால் வந்துவிடும். கீறல் மட்டும் அங்கேயே இருக்கும், அடுத்த படத்துக்கு.