அனிமேஷன் கற்கத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஜிட்டல் ஓவிய வகுப்பில் அனிமேஷன் பாடம் தொடங்கியதும் பலர் முதல் ஃப்ரேமிலேயே, அதாவது அடுத்தடுத்து ஓடும் படச்சட்டங்களில் முதலாவதிலேயே, ஒரு கதாபாத்திரத்தை முழுசாக வரைந்து, நிழலும் வண்ணமும் தீட்டி முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் இரண்டாவது ஃப்ரேம் காத்திருப்பது கண்ணில் படுகிறது. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் 12 படம் வேண்டும். பத்தாவது படம் வருவதற்குள் கை ஓய்ந்துவிடும். அதைவிடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டு வரைந்த பிறகு அசைவு தப்பு என்று தெரிந்தாலும், அழிக்க மனசு வராது.

அதனால் முதலில் குச்சி உருவம் போதும். தலைக்கு ஒரு வட்டம், முதுகுக்கு ஒரு கோடு. அசைவு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில்தான் பிறக்கிறது. அந்த இடைவெளி சரியாக அமைந்தால் குச்சி உருவமும் உயிரோடு நடக்கும். அது தப்பினால் எத்தனை அழகாக வரைந்தாலும் பொம்மை பொம்மையாகவே நிற்கும்.

இதைக் கற்றுக்கொடுப்பது குதிக்கும் பந்து. ‘பந்துதானே’ என்று ஒரே நாளில் அதைக் கடந்துபோவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். பந்து விழும் பாதையைச் சம துண்டுகளாகப் பிரித்து வரைந்தால் அது லிஃப்ட் இறங்குவது மாதிரி இறங்கும். கீழே விழும் பொருள் சம நேரத் துண்டுகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகும். ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொட அரை விநாடி, அதாவது 12 ஃப்ரேம் ஆகும். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்றால் ஆறு இடைவெளி. பாதையை 36 பங்காகப் பிரித்து, அந்தத் தூரங்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் வரும் 1, 4, 9, 16, 25, 36 என்ற இடங்களில் மேலிருந்து பந்தை வைத்துப் பாருங்கள். மேலே படங்கள் நெருங்கி நிற்கும், கீழே விலகி நிற்கும். ஓட்டிப் பார்த்ததும் பந்துக்கு எடை வந்திருக்கும். ஒருமுறை இதைக் கையால் செய்தவருக்கு மறக்கவே மறக்காது.

அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் கீ ஃப்ரேமாக வைத்துவிட்டு மீதியை மென்பொருளிடம் விடுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் இரண்டு கீ ஃப்ரேமுக்கு நடுவே அசைவைத் தாமாகவே மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும். கை நீட்டுவதற்கு அது பொருந்தலாம். பந்துக்குப் பொருந்தாது, தரையை நெருங்கும்போது பந்து பஞ்சு மாதிரி தயங்கும். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரையைத் தொடும் இடத்தில் வளைவைக் கூர்மையாக்குங்கள்.

பந்து நசுங்குவதிலும் நீள்வதிலும் பலருக்கு ஆசை அதிகம். நசுங்கும்போது அகலம் கூட வேண்டும், நீளும்போது ஒடுங்க வேண்டும். இல்லாவிட்டால் பந்துக்குள் காற்று கூடிக் குறைவது போலத் தெரியும். தரையைத் தொடாமலே அந்தரத்தில் நசுக்கிவிடுவதும் நடக்கும். இரும்புக் குண்டை நசுக்கவே கூடாது, அதன் எடை போய்விடும்.

அடுத்தது கை, கால். தொங்கும் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன்பின் படங்களை அடியில் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதியைப் போட்டால் தொடக்கமும் முடிவும் மங்கலாகத் தெரியும். இரண்டிலும் நேராக நீட்டிய கைதான். நடுப் படத்தை வரைகிறவர் இரண்டு விரல்நுனிக்கும் நடுப்புள்ளியைப் பார்த்து அங்கே விரலை வைத்துவிடுவார். அங்கேதான் தப்பு. தோளை மையமாக வைத்து ஒரு வில் வரைந்து பாருங்கள். விரல் அந்த வில்லின் மேல் இருக்க வேண்டும். நேர்கோட்டில் வைத்தால் கை நடுவழியில் குட்டையாகி மறுபடி வளரும். தலை திரும்புவதும் இப்படி வில்லாகத்தான் போகும். இதற்காகவே ஒரு தனி லேயரில் பாதையை மெல்லிய கோடாகப் போட்டுவைப்பது நல்லது. ஆனியன் ஸ்கின்னில் முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் போதும். ஆறேழு தெரிந்தால் எந்தக் கோடு எதனுடையது என்றே புரியாது.

முதல் படம், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக வரைந்துகொண்டே போனால், இருபதாவது படத்தில் கதாபாத்திரம் முதலில் இருந்ததைவிடப் பெருத்திருக்கும். நெருப்பு, புகை மாதிரி உருவம் நிலைக்காதவற்றுக்கு இந்த முறை சரி. மனித உருவத்துக்கு முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, உயரத்தை ஒப்பிட்டு, அப்புறம் நடுப் படங்களுக்குப் போங்கள்.

நடையில் கால்களை மட்டும் அசைத்து உடம்பை ஒரே உயரத்தில் வைத்தால் ஆள் வழுக்கிக்கொண்டு போவார். முன்னால் வைத்த பாதம் ஊன்றியதும் எடை அந்தக் காலில் இறங்க உடம்பு தாழும், மற்றக் கால் கடந்துபோகும்போது மேலெழும். நின்ற இடத்திலேயே நடப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் என்றால், ஊன்றிய பாதம் ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு பின்னால் நகர வேண்டும். லூப்பின் கடைசிப் படமும் முதல் படமும் ஒன்றாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன இடறல் வரும். 25ஆவது ஃப்ரேம் முதல் ஃப்ரேமின் நகல் என்றால், 24 வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான அசைவைப் பார்த்து வரைவது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஓடும் குதிரையின் நான்கு காலும் முன்னும் பின்னும் நீட்டியபடி அந்தரத்தில் இருப்பதாக ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்துவந்தார்கள். 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் புகைப்படங்களில், நான்கும் தரையைவிட்டு எழும் அந்த நொடியில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. தேர்ந்த கண்களுக்கே அது தப்பியிருக்கிறது. போனில் உங்கள் நடையை நீங்களே படம்பிடித்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள்.

விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதைக் கோப்பைத் திறந்ததுமே முடிவு செய்துவிடுங்கள். 24இல் வரைந்துவிட்டுப் பாதியில் 12 ஆக்கினால் அதே படங்கள் இரண்டு மடங்கு நேரம் ஓடும். இத்தனை நேரம் பார்த்துப் பார்த்து அமைத்த பந்து, நிலாவில் விழுவது போல மெதுவாக விழும்.