மதராஸ் அணா, சிங்கப்பூர் டாலர், ஃபிஜி ஷில்லிங்: பழைய விலைகளையும் கூலிகளையும் ஒப்பிடுவது எப்படி

சென்னை மாகாண ஏட்டில் கூலி அணாவில் இருக்கிறது. சிங்கப்பூர் ஏட்டில் டாலரிலும் சென்ட்டிலும், ஃபிஜி ஏட்டில் ஷில்லிங்கிலும் பென்ஸிலும். மூன்றையும் அந்நாளைய நாணய மாற்று வீதத்தில் பெருக்கிப் பக்கத்தில் பக்கமாக எழுதிவிட்டால் ஒப்பீடு முடிந்தது என்றுதான் தோன்றும். அது ஒப்பீடு ஆகாது. ஏட்டில் உள்ள ஓர் எண்ணை விலை என்றோ கூலி என்றோ சொல்லும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்: எந்த அளவையில் அளந்தார்கள், எந்தக் காசில் சொன்னார்கள், எந்தப் பன்னிரண்டு மாதத்துக்கு, யார் எதற்காக எழுதினார்கள். இந்த வழிகாட்டி 1870 முதல் 1914 வரையுள்ள காலத்துக்கு எழுதப்பட்டது. அச்சிட்ட புள்ளிவிவரங்கள் பெருகியதும், நாணயங்கள் ஒவ்வொன்றாக வெள்ளி உலோக அடிப்படையை விட்டு விலகியதும் அந்தக் காலத்தில்தான்.

எங்கே தேடுவது

கையெழுத்து ஆவணங்களில் தொடங்க வேண்டாம். முதலில் அச்சான தொடர்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் புள்ளிவிவரச் சுருக்கங்களைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'வி' வரிசை அச்சிட்ட அரசு வெளியீடுகள், 'பி' வரிசை அரசு நடவடிக்கைக் குறிப்புகள். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள் உள்ளன. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பிய 'நீலப் புத்தகங்களில்' கூலி, விலை, கப்பல் போக்குவரத்து மூன்றும் உண்டு. அவற்றுக்குத் துணையான கடிதப் போக்குவரத்து லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், சி.ஓ. (குடியேற்ற நாடுகள் அலுவலகம்) என்ற குறியீட்டில் இருக்கிறது. சி.ஓ. 273 நீரிணைக் குடியேற்றங்களுக்கு (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா), சி.ஓ. 54 இலங்கைக்கு, சி.ஓ. 83 ஃபிஜிக்கு. ஜாவாவுக்கு ஹேக், ஜகார்த்தா நகரங்களின் காப்பகங்கள், இந்தோசீனாவுக்குத் தென் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரக் காப்பகம். ஃபிஜிக் கரும்புத் தோட்டங்களை நடத்திய சி.எஸ்.ஆர். நிறுவனத்தின் ஏடுகள் கான்பெராவில் நோயல் பட்லின் காப்பகத்தில் உள்ளன.

சந்தை விலைக்கு அந்நாளைய நாளிதழ்களும் உதவும். சிங்கப்பூரின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி, ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், நெதர்லாந்தின் டெல்ஃபர் ஆகியவற்றில் வாரச் சந்தை நிலவரங்களைத் தேடி எடுக்கலாம். அவை பெரும்பாலும் மொத்த விற்பனை விலைகள். சில்லறை விலையோடு ஒரே நிரலில் சேர்க்கக் கூடாது.

பதிவு செய்யும்போது

ஏட்டில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். மாற்றல் எதையும் பதிவுத் தாளில் செய்யாதீர்கள். அது வேறு தாளில், சூத்திரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் இடம், மாதம் அல்லது ஆண்டு, பொருளும் ரகமும், எண், அச்சில் உள்ள அலகு, ஏட்டின் குறியீடு, பக்கம், அடிக்குறிப்பு என்று நிரல்கள் வேண்டும். அடிக்குறிப்பு நிரலைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள் அதிகம். 'இந்த ஆண்டு முதல் வேறு தாலுகாவின் விலை' என்ற செய்தி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ரூபாய்-அணா-பை கணக்கில் ஓர் அபாயம் உண்டு. 1-6-8 என்று அடித்தால் எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றிவிடும். மாறிய பின் மூல எண்ணை மீட்பது கடினம். ரூபாய், அணா, பை மூன்றையும் தனித்தனி நிரலில் இடுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆகவே 1-6-8 என்பது 1 + 6/16 + 8/192, அதாவது 1.4167 ரூபாய்.

எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சில் 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் படிக்கும். அச்சிட்ட கூட்டுத்தொகையோடு உங்கள் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் படத்தைப் பாருங்கள். படத்திலும் அதே எண் இருந்தால் தவறு அச்சகத்தினுடையது. அதைத் திருத்தாமல் குறித்து வையுங்கள். இருபதில் ஒரு பக்கத்தையாவது இன்னொருவர் புதிதாகப் பதிவு செய்து ஒத்துப்பார்க்க வேண்டும்.

அளவைகள்

இங்குதான் மிகப் பெரிய தவறுகள் நேர்கின்றன. மணங்கு என்ற ஒரே சொல்லுக்குள் பல எடைகள் உண்டு. சென்னை மணங்கு 8 வீசை, சுமார் 25 ராத்தல் (பவுண்டு எடை), 11 கிலோவுக்குச் சற்று மேல். ரயில்வேயும் இந்திய அரசும் கையாண்ட மணங்கு 82 2/7 ராத்தல், 37.32 கிலோ. பம்பாய் மணங்கு 28 ராத்தல். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் விலை மூன்று மடங்குக்கு மேல் பிசகும். சேரும் அப்படியே. அரசு அட்டவணைச் சேர் 80 தோலா, 933 கிராம். சென்னைச் சேர் 24 தோலா, 280 கிராம். மலாயாவிலும் சீனத் துறைமுகங்களிலும் பிக்குல் என்பது 100 காத்தி, 133 1/3 ராத்தல், 60.48 கிலோ. ஜாவாவின் பிக்குல் 61.76 கிலோ. வேறுபாடு இரண்டு சதவீதம்தான் என்றாலும், சர்க்கரை ஏற்றுமதியின் மொத்தத்தில் அது தெரியும்.

படி, மரக்கால், கலம் ஆகியவை முகத்தல் அளவைகள். அவற்றை எடைக்கு மாற்றும் முன் இரண்டு செய்திகள் தெரிய வேண்டும்: அந்தத் தாலுகாவின் படி எவ்வளவு, தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா. ஒரே பெயர் கொண்ட படி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறியது. அந்த மாவட்டக் கையேட்டில் தோலாக் கணக்கு கிடைக்கும்வரை எடை நிரலை வெறுமையாக விடுங்கள். நெல்லா அரிசியா என்பதும் தெரிய வேண்டும். எடையில் நெல்லின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், முகத்தலில் பாதியும் அரிசியாகக் கிடைக்கும். எடைக்குரிய விகிதத்தை முகத்தலுக்குப் போட்டால் கணக்கு முழுவதும் சாயும். பர்மாவில் நெல்லுக்குக் 'கூடை' அளவு, 46 ராத்தல்.

ரூபாய்க்கு எத்தனை சேர்

இந்திய அரசின் விலை அட்டவணைகள் பொருளின் விலையைச் சொல்வதில்லை. ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் கிடைக்கும் என்று சொல்கின்றன. எண் ஏறினால் விலை இறங்கியது என்று பொருள். அதோடு சராசரி எடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆறு மாதம் ரூபாய்க்கு 16 சேர், பஞ்சம் வந்த ஆறு மாதம் 8 சேர் என்று வைத்துக்கொள்வோம். சேர்களின் சராசரி 12, அதன்படி சேர் விலை 1.33 அணா. உண்மையில் முதல் பாதியில் சேர் 1 அணா, பின் பாதியில் 2 அணா. சராசரி 1.5 அணா. பஞ்சத்தின் கடுமையை ஒன்பதில் ஒரு பங்கு நாமே அழித்துவிட்டோம். எனவே ஒவ்வொரு மாத எண்ணையும் முதலில் தலைகீழாக்கி விலையாக மாற்றி, பிறகு சராசரி எடுங்கள். ஆண்டுச் சராசரி மட்டுமே அச்சில் இருந்தால் அது எப்படி எடுக்கப்பட்டது என்று முன்னுரையில் தேடுங்கள். விடை கிடைக்காத தொடரைப் பஞ்ச ஆண்டுகளின் ஆய்வுக்கு நம்ப முடியாது.

பன்னிரண்டு மாதம்

சென்னை மாகாண நிலவரிக் கணக்கின் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. இந்திய அரசின் நிதியாண்டு முன்பு மே 1-இல் தொடங்கியது. அதை ஏப்ரலுக்கு மாற்றியபோது 1866-67 பதினொரு மாத ஆண்டானது. அந்த ஆண்டின் வணிகத்தை அப்படியே எடுப்பவர்களுக்கு இல்லாத சரிவு ஒன்று தெரியும். ஜப்பான் 1873 ஜனவரி 1-இல் நாட்காட்டியை மாற்றியது. சீனத்தின் சந்திர நாட்காட்டியில் சில ஆண்டுகளுக்குப் பதின்மூன்று மாதம். அங்கே மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் அந்த ஆண்டுகளில் ஒரு மாதம் விடுபடும்.

காசு

எல்லாவற்றையும் வெள்ளியின் கிராமாக மாற்றுவது பழைய வழக்கம். ரூபாயில் 10.69 கிராம் தூய வெள்ளி. கிழக்கில் எங்கும் புழங்கிய மெக்சிகோ டாலரில் சுமார் 24.4 கிராம். 1893 வரை இது செல்லும். அந்த ஆண்டு இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக அடிப்பதை நிறுத்தின. அதற்குப் பிறகு ரூபாய் தன்னிடம் உள்ள வெள்ளியைவிட அதிக மதிப்புள்ளதாயிற்று. ஜப்பான் 1897-இலும், சயாம் 1902-இலும், பிலிப்பீன்ஸ் 1903-இலும் வெள்ளியை விட்டன. நீரிணைக் குடியேற்றங்களின் டாலர் 1906-இல் 2 ஷில்லிங் 4 பென்ஸில் நிலைநிறுத்தப்பட்டது. பிரெஞ்சு இந்தோசீனா 1930 வரையும், சீனா 1935 வரையும் வெள்ளியில் இருந்தன. ஆகவே 1893-க்குப் பின் நாணயத்தின் எடையைக் கொண்டு மாற்றாமல் சந்தை மாற்று வீதத்தைக் கொண்டு மாற்ற வேண்டும்.

மாற்று வீதமும் ஏமாற்றும். ஃபிஜி ஒப்பந்தக் கூலியாளருக்கு எழுத்தில் இருந்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 1 ஷில்லிங் (12 பென்ஸ்), பெண்ணுக்கு 9 பென்ஸ். ஆணின் கூலியை அணாவாக்கிப் பாருங்கள். 1879-80-இல் ரூபாய் சுமார் 20 பென்ஸ், ஆகவே 9.6 அணா. 1894-95-இல் ரூபாய் சுமார் 13.1 பென்ஸ், கூலி 14.7 அணா. 1899 முதல் ரூபாய் 16 பென்ஸில் நிற்க, கூலி 12 அணா. ஃபிஜியில் எதுவும் மாறவில்லை. நாணயம் மட்டுமே ஆடியது. கரும்புத் தோட்டத்து வாழ்க்கை உயர்ந்து தாழ்ந்தது என்று இதை வைத்து எழுதினால், அங்கே உழைத்தவர்களைப் பற்றிப் பொய் சொன்னவர்களாவோம்.

கூலி

எழுத்தில் உள்ள கூலி கைக்கு வந்த கூலி அல்ல. ஃபிஜியில் வேலை பெரும்பாலும் 'டாஸ்க்' கணக்கில் நடந்தது. குறித்த அளவை முடிக்காதவருக்கு முழு ஷில்லிங் கிடையாது. முதல் ஆறு மாதம் உணவுப் பங்கீட்டுக்கு நாளுக்கு 4 பென்ஸ் பிடித்தம். எனவே ஒப்பந்தப் படிவத்தை விட்டு, ஆண்டறிக்கையில் வரும் சராசரி ஈட்டலை எடுங்கள்.

இந்திய அட்டவணைகளில் கூலி மூன்று வகையாக வரும்: உடல் வலுவுள்ள விவசாயத் தொழிலாளி, குதிரைக்காரன், பிறகு கொத்தன்-தச்சன்-கொல்லன். '5 முதல் 7 ரூபாய்' என்பது போல ஒரு வீச்சாகவே பல இடங்களில் இருக்கும். இரு எல்லைகளையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். ஒரே எண் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றால், அதுவும் 1876-78 பெரும் பஞ்சத்தைத் தாண்டியும் நின்றால், குமாஸ்தா முந்தைய ஆண்டைப் பார்த்து எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய மாவட்டத்தைக் கணக்கிலிருந்து விலக்கி ஒருமுறை, சேர்த்து ஒருமுறை பாருங்கள். இதைவிட முக்கியமானது நெல் கூலி. பண்ணையாளுக்கும் படியாளுக்கும் கூலியின் பெரும்பகுதி நெல்லாகவே வந்தது. பணக் கூலியை மட்டும் எடுத்தால் விலைவாசி ஏறும்போதெல்லாம் அவர்கள் நிலை சரிந்ததாகத் தெரியும். நெல்லாக வாங்கியவருக்கு அந்தச் சரிவு அப்படியே நேராது.

கூடை கட்டி ஒப்பிடுதல்

நாணய மாற்று வீதத்தின் ஆட்டத்திலிருந்து தப்பும் வழி, ஒவ்வோர் ஊரின் கூலியையும் அந்த ஊரின் விலையாலேயே வகுப்பது. பிழைத்திருக்க மட்டும் போதுமான பொருள்களின் பட்டியலைப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் ஒரு கூடையாக வரையறுக்கிறார்கள். நாளுக்குச் சுமார் 1,940 கிலோ கலோரி தரும் உணவு. அரிசி உண்ணும் இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 170 கிலோ அரிசி, 20 கிலோ பருப்பு, மூன்று கிலோ இறைச்சி அல்லது மீன், மூன்று கிலோ எண்ணெய், மூன்று மீட்டர் துணி, விளக்கெரிக்கக் கொஞ்சம் எண்ணெயும் அடுப்புக்கு விறகும். ஒரு குடும்பத்துக்கு மூன்று கூடைகள், வாடகைக்கு ஐந்து சதவீதம், மொத்தம் 3.15 கூடை. நாள் கூலியை 250-ஆல் பெருக்கி 3.15 கூடையின் விலையால் வகுத்தால் நலன் விகிதம் வரும். ஒன்றுக்குக் கீழே என்றால் ஒருவர் கூலியில் அந்தக் குடும்பம் பிழைக்க முடியாது.

250 நாள் என்பது வெறும் கற்பிதம். ஃபிஜி ஒப்பந்தம் வாரத்துக்கு ஐந்து முழு நாளும் சனிக்கிழமை ஐந்து மணி நேரமும் கேட்டது, ஏறத்தாழ 286 நாள். மானாவாரி நிலத்தில் வேலை அதைவிட மிகக் குறைவான நாட்களே கிடைத்திருக்கும். இரண்டு மூன்று நாள் கணக்குகளில் விகிதத்தைப் போட்டு, முடிவு மாறுகிறதா என்று காட்டுங்கள். எந்தத் தானியத்தைக் கூடையில் வைப்பது என்பதும் அப்படியே. கம்பும் கேழ்வரகும் உண்டவர்கள் வாழ்ந்த இடத்துக்கு அரிசிக் கூடை கட்டினால் அவர்கள் உண்மையைவிட ஏழைகளாகத் தெரிவார்கள்.

திடீர் ஏற்றங்களைச் சோதித்தல்

வரைபடத்தில் ஒரு படிக்கட்டு தெரிந்தால், காரணம் பொருளாதாரமா பதிவேடா என்று முதலில் பாருங்கள். சீனச் சுங்கத்தின் வணிகம் 1887-இல் எழும்புகிறது. அந்த ஆண்டு ஹாங்காங், மக்காவ் ஓரத்தில் கவுலூன், லப்பா சுங்க நிலையங்கள் திறந்து, அதுவரை பதிவாகாத பாய்மரக் கப்பல் வணிகம் கணக்கில் ஏறியது. தைவானில் 1898-இல் தொடங்கிய நில அளவைக்குப் பின் சாகுபடிப் பரப்பு பெருமளவு கூடியது. வரிக்கு மறைந்திருந்த நிலம் வெளிப்பட்டதும் அதற்குக் காரணம். சிங்கப்பூரின் ஏற்றுமதியில் வேறிடத்திலிருந்து வந்து மறுபடி கப்பலேறிய சரக்கு மிகுதி. அதை உள்ளூர் உற்பத்தியாக எண்ணக் கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு: மாற வேண்டிய இடத்தில் மாறாத எண். இந்தியாவில் உப்பு வரி 1888-இல் மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்ந்தது, 1903-இல் இரண்டு ரூபாயாகவும் 1905-இல் ஒன்றரையாகவும் 1907-இல் ஒரு ரூபாயாகவும் இறங்கியது. உங்கள் மாவட்டத்தின் உப்பு நிரலில் ரூபாய்க்குக் கிடைக்கும் சேர் 1903-க்குப் பிறகும் ஏறவில்லை என்றால் அந்த மாவட்டத்து விலைகளை யாரும் சந்தையில் கேட்டு எழுதவில்லை. அதே ஏட்டின் அரிசி, கேழ்வரகு நிரல்களையும் பக்கத்து மாவட்டத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.