பருப்புத் தண்ணி வேணாம், பருப்பக் குடுங்க: குழந்தைக்கு சாப்பாடு ஆரம்பிக்கும்போது நடக்குற தவறுகள்

என் பொண்ணுக்கு ஏழரை மாசம் இருக்கும்போது தடுப்பூசிக்குக் கூட்டிட்டுப் போனப்ப வெயிட் பார்த்தாங்க, முந்தின மாசத்துல இருந்து வெறும் நூறு கிராம்தான் ஏறியிருந்துச்சு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. மூணு வேளையும் கிண்ணம் காலியாகுதே டாக்டர், துப்பக்கூட மாட்டேங்குறாளேன்னு சொன்னேன். என்னம்மா குடுக்குறன்னு கேட்டாங்க. பைல கஞ்சி டப்பா இருந்துச்சு, எடுத்துக் காட்டினேன். அவங்க ஸ்பூன்ல ஒரு வாய் எடுத்து அப்படியே சாய்ச்சாங்க, சாய்க்குறதுக்கு முன்னாடியே கஞ்சி முழுசும் ஓடிப்போச்சு, ஸ்பூன்ல ஒண்ணுமே ஒட்டல. "இதக் குடிக்கலாம்மா, இதுல சாப்பாடு எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க. பெரம்பூர்ல இருந்து வீடு வர்ற வரைக்கும் ஆட்டோல அதேதான் மனசுல ஓடிட்டு இருந்துச்சு, புள்ளய இத்தன நாள் தண்ணி குடுத்தே வயித்த ரொப்பி வெச்சிருக்கோம்.

அதனாலதான் இத எழுதுறேன். நம்ம ஊர்ல மொத சாப்பாடுன்னாலே தண்ணியாதான் ஆரம்பிக்குறாங்க. பருப்புத் தண்ணி, சாதம் வடிச்ச கஞ்சி, காய்கறி வேகவெச்ச தண்ணி, ஆப்பிள் ஜூஸ். செரிக்காதுன்னு பயந்து பாசத்துலதான் பண்றாங்க, எங்க அத்தையும் அப்படித்தான். ஆனா குக்கர்ல பருப்பு வெந்ததும் மேல தெளிஞ்சு நிக்குற தண்ணிய இறுத்துக் குடுத்தா அதுல பருப்போட வாசனை இருக்கும், சத்து அடில இருக்குற பருப்புலயே தங்கிடும், அத நாம சாம்பார்ல போட்டு சாப்பிட்டுடுறோம். குழந்தையோட வயிறு ஒரு கிலோ எடைக்கு சுமாரா 30 மில்லிதான் பிடிக்கும். ஏழு கிலோ குழந்தைன்னா 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு. அந்த ஒரு டம்ளர் இடத்துல தண்ணிய ஊத்திட்டா சாப்பாடும் இறங்காது, அடுத்து தாய்ப்பாலும் கம்மியாதான் குடிக்கும்.

இப்ப நான் பண்றது இதான். அரிசி ரெண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, அஞ்சாறு விசில் விட்டு, கரண்டியோட பின்பக்கத்தால நல்லா மசிச்சு, அரை ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுறது. எண்ணெய் பயம் வேணாம், சின்ன வயித்துக்கு கொஞ்சத்துல நெறைய தெம்பு வேணும்னா கொழுப்புதான் வழி. ஸ்பூன சாய்ச்சா ஓடக்கூடாது, மெதுவா தொப்புன்னு விழணும். ஆறு மாசம் முடிஞ்சதும் ஒரு வேளைக்கு ரெண்டு மூணு ஸ்பூன், நாளுக்கு ரெண்டு மூணு வேளை, அப்படியே கூட்டிக்கிட்டே போயி ஒம்போது மாசம் வர்றப்ப அரை டம்ளர், மூணு நாலு வேளை. தாய்ப்பால் கூடவே ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் போகலாம்.

எப்ப ஆரம்பிக்குறதுன்னு வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. நாலாவது மாசமே "நாம சாப்பிடுறதயே பாக்குது பாரு"ன்னு வாய்ல வெச்சுடுறாங்க. பாக்குறது மட்டும் போதாது. தலை ஆடாம நிக்கணும், பிடிச்சு உக்காரவெச்சா உக்காரணும், வாய்ல வெச்சத நாக்காலயே வெளிய தள்ளுற பழக்கம் போயிருக்கணும். உலக சுகாதார நிறுவனமும் ஆறு மாசம், அதாவது 180 நாள், தாய்ப்பால் மட்டும்னுதான் சொல்லுது. அக்னி நட்சத்திரத்துல சென்னை கொளுத்துதேன்னு அதுக்கு முன்னாடி தண்ணி குடுக்க வேணாம், பால்லயே தண்ணி இருக்கு, தாகம்னா அடிக்கடி பால் குடுத்தாப் போதும். ஆறு மாசத்துக்கு அப்புறம் சாப்பாட்டோட ரெண்டு மூணு வாய் தண்ணி, கேன் தண்ணியோ மெட்ரோ தண்ணியோ கொதிக்கவெச்சு ஆத்தினதுதான்.

அதே மாதிரி கோயில்ல சோறூட்ட நல்ல நாள் வரட்டும்னு எட்டு மாசம் வரைக்கும் தள்ளிப்போடுறதும் தப்பு. பொறக்கும்போது புள்ள உடம்புல சேத்து வெச்சிருக்குற இரும்புச்சத்து ஆறு மாசத்துல தீர ஆரம்பிச்சுடும், தாய்ப்பால்ல அது ரொம்ப கம்மி. இங்கதான் இன்னொரு ஏமாற்றம் இருக்கு, கேழ்வரகு குடுக்குறோமே ரத்தம் ஊறிடும்னு நெனச்சுக்குறோம். கேழ்வரகோட பெருமை கால்சியம், 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, அதக் குடுங்க, ஆனா இரும்புக்கு அத மட்டும் நம்பி இருக்காதீங்க. அசைவம் சாப்பிடுற வீடுன்னா கறிக்கடைல ஆட்டு சுவரொட்டி, அதாவது மண்ணீரல், சொல்லி வாங்கி, நல்லா வேகவெச்சு, மேல் தோல எடுத்துட்டு மசிச்சு சாதத்துல கலந்து குடுக்கலாம், சிக்கன், மீன் எல்லாமே ஆறு மாசத்துல இருந்தே ஓகே, முள்ள மட்டும் விரலால தடவித் தடவிப் பாருங்க. முட்டைல மஞ்சக்கரு மட்டும்தான், வெள்ளைக்கரு ஒரு வயசுக்கு அப்புறம்னு சொல்றது பழைய பேச்சு, முழுசா வெந்த முட்டைய மொத்தமாவே குடுக்கலாம். சைவ வீடுன்னா பருப்பு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, கூட ரெண்டு சொட்டு எலுமிச்சை, இல்ல கொஞ்சம் தக்காளி. எலுமிச்சை, தக்காளில இருக்குற வைட்டமின் சி அந்த இரும்ப உடம்புல சேர வைக்கும். டீல ரஸ்க் தொட்டு ஊட்டுறது நேர் எதிர், டீ அந்த இரும்ப சேரவிடாமப் பண்ணிடும், ரஸ்க்ல மைதாவும் சர்க்கரையும் தவிர பெருசா ஒண்ணும் இல்ல.

தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது, நாக்குல ஒரு சொட்டு தடவுறது கூட வேணாம். தேன்ல பொட்டுலிசம்ங்குற நோயக் குடுக்குற கிருமியோட வித்து இருக்கலாம், நமக்கு ஒண்ணும் பண்ணாது, குழந்தை குடல்ல அது முளைச்சு விஷம் விட்டா உடம்பே தளந்து மூச்சு முட்டிடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. உப்பு ஒரு வயசுக்கு அப்புறம், சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டெல்லாம் ரெண்டு வயசு வரைக்கும் தள்ளியே வைங்க. "உப்பில்லாம எப்படிம்மா எறங்கும்"னு அத்தை ரொம்ப வருத்தப்பட்டாங்க, ஆனா உப்பு ருசியே தெரியாத நாக்குக்கு அது கேக்கத் தெரியாதுல்ல. பாக்கெட் பசும்பாலும் ஒரு வயசு வரைக்கும் தாய்ப்பாலுக்குப் பதிலா வேணாம், தயிர் சாதம் நல்லது.

சத்துமாவ எடுத்த எடுப்புல ஆரம்பிக்காதீங்க. முந்திரி, பாதாம், சோயா, கோதுமைன்னு பதினஞ்சு இருவது சாமான் ஒண்ணா இருக்கும், உடம்புல தடிப்பு வந்தா எதுனாலன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒவ்வொண்ணா குடுத்து ரெண்டு மூணு நாள் பாருங்க. அதுக்காக வேர்க்கடலைய வருஷக்கணக்கா ஒதுக்கி வைக்கவும் வேணாம், சீக்கிரமே குடுத்துப் பழக்கினா அலர்ஜி கம்மியாகும்னு லண்டன்ல பண்ணி 2015ல வெளிவந்த பெரிய ஆராய்ச்சி காட்டிடுச்சு. நைஸா அரைச்சு கஞ்சில கலக்கணும், முழுசா இல்ல. புள்ளைக்குத் தோல்ல கடுமையான கரப்பான் இருந்தாலோ முட்டை ஒத்துக்காமப் போயிருந்தாலோ மட்டும் டாக்டர்ட்ட கேட்டுட்டுக் குடுங்க.

மிக்ஸி பத்தியும் சொல்லணும். மொத ரெண்டு மூணு வாரம் ஓகே, அப்புறம் கையாலதான் மசிக்கணும், எட்டு ஒம்போது மாசத்துல இட்லித் துண்டு, வேகவெச்ச கேரட், வாழைப்பழம்னு கைலயே குடுத்துடணும். பத்து மாசத்துக்கு மேலயும் கூழாவே குடுத்துட்டு இருந்தா மெல்லுறதுக்குப் பழகாது, அப்புறம் ரெண்டு வயசுலயும் சோத்துப் பருக்கையப் பாத்தாலே ஓங்கரிக்கும். கஞ்சிய பாட்டில்ல ஊத்தி நிப்பிள்ல ஓட்டையப் பெருசாக்கிக் குடுக்குறவங்களப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேணாம், புரையேறும். அப்புறம் போன்ல ரைம்ஸ் போட்டு, அது வாயத் தெறக்குற நேரம் பாத்துத் திணிக்குறது. அப்படி ஊட்டினா புள்ளைக்குப் பசியும் தெரியாது, போதும்ங்குறதும் தெரியாது. தலையத் திருப்பிச்சுன்னா நிறுத்துங்க, அடுத்த வேளை சாப்பிடும்.

திராட்சை, முழுக் கடலை, பொட்டுக்கடலை, முறுக்குத் துண்டு, பச்சைக் கேரட் எல்லாம் தொண்டைய அடைக்கும். திராட்சைய நீளவாக்குல நாலா நறுக்குங்க. ஓங்கரிக்குறதும் அடைக்குறதும் வேற வேற. ஓங்கரிச்சா சத்தம் வரும், மூஞ்சி செவக்கும், இருமும், அப்ப பதறாம கூட இருந்தாப் போதும். அடைச்சுட்டா சத்தமே வராது, உதடு நீலமாகும். அப்ப வாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாம விரல விட்டுத் துழாவக் கூடாது, உள்ளதான் போகும். ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தைன்னா முன்னங்கை மேல குப்புறப் போட்டு, தலை கீழ இருக்குற மாதிரி பிடிச்சு, முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால அஞ்சு தட்டு. வரலன்னா மல்லாக்கத் திருப்பி நெஞ்சு நடுவுல ஒரு கையோட உள்ளங்கை அடியால அஞ்சு அமுக்கு, திரும்பவும் முதுகு. பக்கத்துல இருக்குறவங்கள அதுக்குள்ள 108க்குப் போன் பண்ணச் சொல்லுங்க.