மைக்ரோ ஜீனியஸ் காலத்துப் பாட்டு: கேட்க, சேர்க்க, மேடையில் வாசிக்க

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் 90-களில் வளர்ந்தவர்களிடம் வீடியோ கேம் என்று சொன்னால் நிண்டெண்டோ என்ற பெயர் முதலில் வராது, மைக்ரோ ஜீனியஸ்தான் வரும். தைவானில் செய்த பெட்டி, 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரு வீட்டில் இருந்தால் அந்த வரிசைப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது போதும். அந்தப் பாட்டுகளை மறுபடி கேட்க வேண்டும், சேர்த்து வைக்க வேண்டும், முடிந்தால் திருவிழாவிலோ பள்ளி விழாவிலோ வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்: நீங்கள் அப்போது கேட்ட பாட்டும் இன்று இணையத்தில் ஒரிஜினல் என்று கிடைக்கும் பாட்டும் ஒன்றல்ல. "இவ்வளவு வேகமாகவா இருந்தது?" என்று உங்களுக்குத் தோன்றினால் உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது.

காரணம் இதுதான். ஜப்பான் தொலைக்காட்சி வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும், நம் நாட்டில் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, 50 தடவை. அந்தக் காலத்து கேம்களில் இசையை நகர்த்தும் நிரல் பெரும்பாலும் படம் ஒரு தடவை புதுப்பிக்கப்படும்போது ஒரு அடி எடுத்து வைக்கும். ஆகவே நிமிடத்துக்கு 150 தட்டு போக வேண்டிய பாட்டு இங்கே 125-இல் போனது, 3 நிமிடம் ஓட வேண்டியது 3 நிமிடம் 36 வினாடி ஓடியது. ஐரோப்பாவில் விற்ற அசல் நிண்டெண்டோ பெட்டியிலும் இந்த வேகக் குறைவு உண்டு, ஆனால் அதில் மின்னணுச் சில்லின் ஓட்டமும் குறைவு என்பதால் சுருதியும் அரை சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். பால் முறைக்காகச் செய்த நகல் பெட்டிகளில் சுருதி கிட்டத்தட்ட ஜப்பான் அளவிலேயே நின்றது, சுமார் 16 சென்ட்தான் வித்தியாசம், அதாவது அரை சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. பாட்டு உயரம் மாறாமல் தாளம் மட்டும் நிதானமாகப் போகிற அந்த நடை நகல் பெட்டிகளுக்கே உரியது.

இன்னொன்றும் உண்டு. ஃபேமிகாமின் சில்லில் ஐந்து குரல், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஒலிக்கும் ஐந்து ஒலிகள்: இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், குட்டி ஒலிப்பதிவை வாசிக்க ஒன்று. பல்ஸ் என்பது மேலும் கீழும் தாவும் சதுர அலை, ஒரு சுற்றில் அது மேலே நிற்கும் பங்கை 12.5, 25, 50 சதவீதம் என்று வைத்துத் தொனியை மாற்றலாம் (75-உம் உண்டு, காதுக்கு அது 25 போலத்தான் கேட்கும்). 12.5 மெல்லிசாகக் கீச்சிடும், 50 உருண்டையாக, கிளாரினெட் சாயலில் வரும். யூஎம்சி நிறுவனச் சில்லு போட்ட பல நகல் பெட்டிகளில் 25-உம் 50-உம் இடம் மாறிக் கிடக்கின்றன. இசையமைப்பாளர் உருண்டையாக வேண்டும் என்று வைத்த மெட்டு நமக்கு மெல்லிசாகவும், மெல்லிசாக வைத்தது உருண்டையாகவும் கேட்டது. இதைக் குறை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கேட்டது அந்த ஒலிதான், அதைத் தனியாகவே பாதுகாக்க வேண்டும்.

கேட்பது

பழைய பெட்டி கையில் இல்லாதவர்கள் கணினியிலிருந்து தொடங்குங்கள். என்எஸ்எஃப் என்ற கோப்பு வகையைத் தேடுங்கள். இது ஒலிப்பதிவு இல்லை, கேமுக்குள் இருந்த இசை நிரலையே எடுத்து வைத்தது, அதனால் ஒரு கேமின் எல்லாப் பாட்டும் சேர்ந்து ஒரு கைப்பேசிப் படத்தைவிடச் சிறிய இடத்தில் அடங்கிவிடும். அடுத்த தலைமுறைப் பெட்டிகளில் சூப்பர் ஃபேமிகாமுக்கு எஸ்பிசி, மெகா டிரைவுக்கு விஜிஎம் என்ற கோப்பு வகை. என்எஸ்எஃப், எஸ்பிசி இரண்டையும் விஎல்சி பிளேயர் திறக்கும். ஆனால் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் என்எஸ்எஃப்பிளே என்ற இலவச நிரலை இறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதன் அமைப்புகளில் வட்டாரத்தை டெண்டி என்று மாற்ற முடியும் (இதே மாதிரி நகல் பெட்டி ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் விற்றது), பல்ஸ் தொனியை இடம் மாற்றும் தேர்வும் இருக்கிறது. இரண்டையும் போட்டுவிட்டு கோண்ட்ரா கேமின் முதல் ஸ்டேஜ் பாட்டை ஓட விடுங்கள். சில விநாடிகளிலேயே தெரிந்துவிடும், நம் வீட்டில் கேட்டது இதுதான் என்று.

யூடியூபில் கிடைக்கும் பதிவுதான் வேண்டும் என்றால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த நிரலில் திறந்து, சுருதியைத் தொடாமல் டெம்போவை மட்டும் 16.67 சதவீதம் குறையுங்கள். தொனி மாறாது, வேகம் சரியாகிவிடும்.

அப்புறம் ஒரு பாட்டைக் குரல் குரலாகப் பிரித்துக் கேளுங்கள். என்எஸ்எஃப்பிளேயில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக மூடலாம். முக்கோணத்தை மட்டும் விட்டுக் கேட்டால் பேஸ் எப்படி ஓடுகிறது என்பது புரியும், அந்தக் குரலுக்கு ஒலி அளவைக் கூட்டக் குறைக்க வசதியே இல்லை, ஒன்று ஒலிக்கும் இல்லை நிற்கும், அதனால்தான் பேஸ் அவ்வளவு உறுதியாக வருகிறது. இரண்டு பல்ஸில் ஒன்று மெட்டைப் பாட, மற்றொன்று அதையே கொஞ்சம் தாமதித்துச் சன்னமாகப் பாடினால் எதிரொலி போலக் கேட்கும். மூன்று சுரத்தை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலித்தால் ஒரே குரல் கார்டு வாசிப்பது போலத் தோன்றும், அந்த நடுங்கும் சத்தம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சூப்பர் மரியோவுக்கு கோஜி கோண்டோ 1985-இல் போட்ட பாட்டுகள் முழுக்க இந்தக் குறுகிய இடத்துக்குள் செய்தவைதான். விளையாடும்போது குதித்தால், சுட்டால் அந்தச் சத்தத்துக்கு ஒரு குரல் பறிபோகும், பாட்டில் ஓட்டை விழும். நம் ஞாபகத்தில் இருக்கும் பாட்டு அந்த ஓட்டைகளோடு சேர்ந்தது.

சேர்ப்பது

பெட்டி வேண்டும் என்றால் முதலில் சொந்தக்காரர் வீட்டு ஸ்டோரைப் பாருங்கள். தீபாவளிக்கு முன் வீடு துப்புரவு செய்கிற வாரத்தில் கேட்டுவைத்தால் கட்டாயம் ஏதாவது வெளியே வரும், தோட்டத்தை விட்டு வீடமைப்புத் திட்டத்துக்கு மாறியவர்கள் மூட்டையோடு கொண்டுபோய் இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பார்கள். ஈப்போவில் வார இறுதிப் பழம்பொருள் சந்தை, பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் சனி ஞாயிறு கூடும் சந்தை, அப்புறம் இணையத்தில் பழைய சாமான் விற்கும் கரோசல், முடா. புதிதாக வரும் நூற்றுக்கணக்கான கேம் அடங்கிய மலிவுப் பெட்டிகளை இசைக்காக வாங்காதீர்கள். அவற்றில் எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கியிருப்பார்கள், இரைச்சல் குரலும் குட்டி ஒலிப்பதிவுகளும் பல பெட்டிகளில் சரியாக வருவதில்லை.

பெட்டியில் செருகும் கேம் கேசட்டில் ஒரு விஷயம் பாருங்கள். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 முனை, அமெரிக்க ஐரோப்பிய கேசட்டுக்கு 72. நம் பெட்டிகள் 60 முனை வகை. ஜப்பான் கேசட்டுகள் சிலவற்றில் கேசட்டுக்குள்ளேயே கூடுதல் ஒலிச் சில்லு இருக்கும், கோனாமியின் விஆர்சி6 கூடுதலாக மூன்று குரல் தரும், 1991-இல் வந்த லக்ராஞ்ச் பாயிண்ட் கேசட்டில் எஃப்எம் ஒலியே (வானொலி இல்லை, சின்தசைசர் முறை) உண்டு. பல கேமை ஒன்றாக அடக்கிய 64-இன்-1 மாதிரிக் கேசட்டுகளில் இதெல்லாம் கிடையாது. நீங்கள் தேடுவது சின்ன வயதில் கேட்டதா, இசையமைப்பாளர் நினைத்ததா என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள். இரண்டும் நல்ல சேகரிப்புதான், ஆனால் இரண்டுக்கும் வெவ்வேறு சாமான் வேண்டும்.

நம் ஊர் ஈரத்துக்குக் கேசட் முனை சீக்கிரம் கறுத்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் முனையை இன்னும் கெடுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்துத் துடையுங்கள், காய்ந்த பிறகு மட்டும் போடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அடாப்டர் விஷயத்தில் கவனம் மிகவும் முக்கியம்: பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட், நடுமுனை பிளஸா மைனஸா என்று படித்துவிட்டு, அதே அளவில் புது அடாப்டர் வாங்குங்கள். முப்பது வருஷத்துப் பழைய அடாப்டரை அப்படியே சுவரில் செருக வேண்டாம்.

பதிவு செய்வது எளிது. ஏவி வெளியீடு இருந்தால் வெள்ளை ஒயரைக் கணினியில் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்து ஆடாசிட்டியில் பிடியுங்கள். ஏரியல் ஒயர் மட்டும் இருக்கிற பெட்டி என்றால் அனலாக் டியூனர் உள்ள பழைய தொலைக்காட்சி தேவை. 2019-இல் நாட்டில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் அந்தத் தொலைக்காட்சிகள் கேம் பெட்டிக்கு இன்னும் உதவும். அதன் ஹெட்போன் துளையிலிருந்து ஒலியை எடுங்கள். ஒரு ஸ்டேஜில் ஆளை நகர்த்தாமல் நிறுத்தி வைத்தால் சத்தங்கள் குறுக்கிடாது, பாட்டு இரண்டு சுற்று முழுதாக ஓடட்டும். வேவ் அல்லது ஃபிளாக்காகச் சேமியுங்கள், எம்பி3 பகிர்வதற்கு மட்டும். கோப்பின் பெயரில் கேம், ஸ்டேஜ், பெட்டியின் மாடல், எந்த ஒயர், என்றைக்கு என்று எழுதுங்கள். பெட்டியின் மாடலை விட்டுவிட்டால் பத்து வருஷம் கழித்து அந்தப் பதிவின் மதிப்பில் பாதி போய்விடும், ஏனென்றால் தொனி ஏன் அப்படி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இறுவட்டு சேர்க்கிறவர்களுக்கு: கேம் இசைக்கென்று வந்த முதல் ஆல்பங்களில் ஒன்று 1984-இல் ஹருவோமி ஹோசோனோ தயாரித்த நாம்கோ பாட்டுத் தொகுப்பு. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

வாசிப்பது

எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. முதல் பாட்டாக 1989-இல் கேம் பாயில் வந்த டெட்ரிஸ் மெட்டை எடுங்கள். அது கொரோபெய்னிக்கி என்ற ரஷ்ய நாட்டுப்புறப் பாட்டு, 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கீபோர்டில் ஏ சுரத்தை ஷட்ஜமாக வைத்தால் தொடக்கம் முழுக்க வெள்ளைக்கட்டைதான், நடபைரவிச் சுரங்கள்: ப ரி க ம க ரி ச, ச க ப ம க ரி, க ம ப க ச ச. சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒரே மாலையில் பிடித்துவிடும். முதலில் கமகம் இல்லாமல் நேராக வாசிக்கச் சொல்லுங்கள், பல்ஸ் குரல் அப்படித்தான் ஒலிக்கும். பிறகு நீண்ட சுரத்தின் கடைசியில் மட்டும் லேசாக அசைக்கலாம்.

யமஹா, காசியோ கீபோர்டுகளில் ஸ்குவேர் லீட் என்ற ஒலி பெரும்பாலும் இருக்கும், கீபோர்டுகளுக்குப் பொதுவான ஜிஎம் ஒலி வரிசையில் 81. ரிவெர்பை (எதிரொலியை) முழுக்க அணையுங்கள், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் டச் உணர்வையும் அணையுங்கள். ஆரம்பப் பள்ளியில் வாங்கிய ரெக்கார்டர் வீட்டில் சும்மா கிடந்தால் எடுங்கள், முக்கோண அலையின் மேல் சுரங்களுக்கு அது அழகாகப் பொருந்தும்.

தாளத்துக்கு டிரம் செட் தேட வேண்டாம். நம் வட்டாரத்தில் உறுமி மேளக் குழு இல்லாத தோட்டம் எது? இரைச்சல் குரல் என்பது தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரிச் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்ததுதான், தப்பில் குச்சியால் விளிம்பைத் தட்டினால் அந்தக் கூர்மை வந்துவிடும். அந்தக் கால கேம்களில் முக்கோண அலையை மேலிருந்து கீழே சறுக்கவிட்டு டொம் என்ற டிரம் சத்தம் செய்வார்கள், உறுமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் இறக்கம் அதே குணம் கொண்டது. இரண்டையும் சேர்த்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், அப்புறம் ரெடிமேட் பீட் போட உங்களுக்கு மனசு வராது. ஒரே ஒரு எச்சரிக்கை, உறுமி மேளக்காரர்கள் இயல்பாகவே வேகம் ஏற்றுவார்கள். முதலில் 125 தட்டில் மெட்ரோனோம் வைத்துப் பழகுங்கள். நிதானம் போனால் நம் பெட்டியின் நடை போய்விடும்.

வேறு பாட்டுகளுக்கு நோட்ஸ் கிடைக்கவில்லை என்றால் ஃபேமிஸ்டூடியோ என்ற இலவச நிரலில் என்எஸ்எஃப் கோப்பை இறக்குமதி செய்யுங்கள். ஒவ்வொரு குரலும் பியானோ கட்டையில் புள்ளி புள்ளியாகத் தெரியும், யார் எதை வாசிப்பது என்று அங்கேயே பிரித்துக் கொடுத்துவிடலாம். வேகமாக மாறும் மூன்று சுரத்தை விரலால் பிடிக்க முயலாதீர்கள், சாதாரண கார்டாக அழுத்தினால் போதும்.

கேம் பாட்டுக்கு முடிவே கிடையாது, சுற்றிச் சுற்றி வரும். இரண்டு சுற்று வாசித்து, அதே கேமில் ஸ்டேஜ் முடியும்போது வரும் குட்டி மெட்டோடு நிறுத்துங்கள், கேட்பவர்களுக்கு உடனே புரிந்து கை தட்டிவிடுவார்கள். பேட்டில் சிட்டியின் தொடக்க மெட்டு நிகழ்ச்சியை ஆரம்பிக்க நல்லது, டாங்கி விளையாடியவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மண்டபத்து ஸ்பீக்கர்காரரிடம் ட்ரெபிளை (கீச்சு ஒலியை) குறைக்கச் சொல்லுங்கள், பல்ஸ் ஒலி பெரிய ஸ்பீக்கரில் காதைக் குத்தும், முன் வரிசையில் பெரியவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். டெட்ரிஸ் மெட்டு நாட்டுப்புறப் பாட்டு என்பதால் மெட்டுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. மற்ற கேம் பாட்டுகள் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரும், பொது நிகழ்ச்சி என்றால் ஏற்பாட்டுக் குழு இசை அனுமதி எடுத்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.