குடோனைச் சுத்தம் செய்ய ஆள் வைக்கும் முன்

திருப்பூரில் ஒரு நூல் குடோனை 12 வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். சுத்தம் செய்யும் நிறுவனத்தை அமர்த்தும் முன் நேரில் வரச் சொல்லுங்கள். போனிலேயே சதுர அடிக்கு ரேட் சொல்கிறவர் வேண்டாம். வந்தவர் தரையை மட்டும் பார்க்கிறாரா, அண்ணாந்தும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். எங்கள் தொல்லையெல்லாம் மேலேதான். கூரையின் இரும்புச் சட்டத்திலும் டியூப்லைட் மேலும் விரல் கனத்துக்குப் பஞ்சு படிந்திருக்கும். ஒரு பொறி போதும், மளமளவென்று பற்றிக்கொள்ளும்.

ஒரு தடவை வந்தவர்கள் கம்ப்ரசர் காற்றால் ஊதிவிட்டார்கள். பஞ்சு மொத்தமும் வெள்ளை நூல் கோன்கள் மேல் இறங்கி, நான்கு மூட்டை திரும்பி வந்தது. அதிலிருந்து வேக்குவம் மெஷின் இருந்தால்தான் பேச்சு. சரக்கைத் தார்ப்பாய் போட்டு மூடுவது யார், கழிவை எடுத்துப்போவது யார் என்பதையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், உயரத்தில் ஏறுகிறவருக்கு சேஃப்டி பெல்ட் கட்டாயம். இஎஸ்ஐ, பிஎஃப் கட்டிய ரசீதையும் கேளுங்கள். ஒப்பந்ததாரர் கட்டாமல் விட்டால் அந்தப் பொறுப்பு நம் தலையில்தான் விழும். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஏணியில் ஏறி, சட்டத்தின் மேல்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.