பறித்த அன்றே: மலைக்காட்டுச் சிறு தோட்டத்தில் காப்பிப் பழத்தைப் பக்குவப்படுத்தும் முறை

சேர்வராயன் மலையில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ காப்பி வைத்திருக்கும் பலரை எனக்குத் தெரியும். ஆண்டு முழுவதும் உரம் வைத்து, நிழல் மரத்தின் கிளை கழித்து, பங்குனி, சித்திரையில் பூ மழைக்காக வானத்தைப் பார்த்துக் காத்திருந்து செடியைப் பேணுகிறவர்கள், பழம் சிவந்த பிறகு வரும் பத்துப் பதினைந்து நாள்களில் அவசரப்பட்டு அந்த உழைப்பின் பாதியை இழந்துவிடுகிறார்கள். பச்சையும் சிவப்புமாக உருவிப் போட்டதைச் சாக்கில் கட்டி வாசலுக்கு வரும் வியாபாரியிடம் அன்றைய விலைக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பெரிய எஸ்டேட்டின் காப்பிக்கு மட்டும் ஏன் நல்ல விலை கிடைக்கிறது என்று கேட்கிறார்கள். மண்ணும் உயரமும் இருவருக்கும் ஒன்றுதான். 1820களில் சேலத்தின் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுப் பகுதியில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த நாள் முதல், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட இந்தச் சரிவுகளில் அராபிகா வகைக் காப்பி நன்றாகவே விளைந்து வருகிறது. வேறுபாடு பறிப்பதற்கும் உலர்த்துவதற்கும் இடைப்பட்ட நாள்களில் உண்டாகிறது. அந்த நாள்களில் தேவைப்படுவதும் பணத்தைவிடக் கவனமே ஆகும்.

பெற்றோரிடமிருந்து தோட்டத்தைப் புதிதாக ஏற்றுக்கொண்டவர்களையும், சேலத்திலோ ஓசூரிலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பறிப்பு

எங்கள் பக்கத்தில் நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கி ஜனவரி இறுதிவரை நீள்கிறது. ஒரே கிளையில் பச்சைக் காயும் மஞ்சளித்த காயும் செம்பழமும் சேர்ந்தே இருக்கும் என்பதால், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். பத்து முதல் பதினைந்து நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று சுற்றுகளாகப் பறிப்பதே முறை. முதல் சுற்றில் முன்னதாகப் பழுத்தவற்றை மட்டும் எடுத்து, நடுச் சுற்றில் பெரும்பகுதியைப் பறித்து, கடைசிச் சுற்றில் மிச்சத்தை முழுவதும் பறித்துவிட வேண்டும். பொங்கலை ஒட்டி ஒரு வாரத்துக்கு வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது என்பதால், பெரிய சுற்று மார்கழியிலேயே முடிந்துவிடும்படி நாள் குறித்துக்கொள்வது நல்லது.

பழுத்ததா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்தினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். வராவிட்டால், தோல் சிவந்திருந்தாலும் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டு வைக்கலாம். பழத்தை ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும். கிளையைப் பிடித்து உருவினால் நுனி ஒடியும். அடுத்த ஆண்டின் காய் அந்த நுனியிலிருந்து வளரும் புதுத் தண்டில்தான் வரப்போகிறது என்பதைப் பறிக்க வருகிறவர்களிடம் எடுத்துச் சொன்னால் அவர்களும் நிதானமாகவே செய்வார்கள். கூலியை எடைக்கு மட்டும் பேசினால் கை தானாகவே உருவத் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு சுற்றுகளுக்கு நாள் கூலி பேசுவதே சரி என்பது என் கருத்து.

எங்கள் ஊரில் இன்று என் காட்டுக்கு நால்வர் வந்தால், நாளை மறுநாள் அவர்கள் காட்டுக்கு நாங்கள் நால்வர் போகிறோம். சிறு தோட்டக்காரர்களுக்கு இந்த மாற்றாள் ஏற்பாட்டைப் போல உதவுவது வேறொன்றுமில்லை. தத்தம் பழத்தைத் தாமே பறிப்பது போலவே அடுத்தவர் பழத்தையும் பறிப்பார்கள். காட்டெருமைகள் இப்போது தோட்டங்களுக்குள் அடிக்கடி வருவதால், பனி விலகி நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, பேசிக்கொண்டே சேர்ந்து இறங்குவது பாதுகாப்பும் ஆகும். தனியாக ஒருவரை அடிச்சரிவுக்கு அனுப்ப வேண்டாம்.

செடியின் கீழ் சாக்கையோ தார்ப்பாயையோ விரித்துப் பறித்தால் சிந்துவது மண்ணில் விழாது. முன்பே உதிர்ந்து கிடக்கும் பழங்களையும் பொறுக்கிவிட வேண்டும். ஆனால் அவற்றை நல்ல பழத்தோடு சேர்க்கக் கூடாது. காய்த் துளைப்பான் வண்டு உதிர்ந்த பழத்தில்தான் அடுத்த பருவம் வரை தங்கி வாழ்கிறது. துளை விழுந்த பழங்களைக் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்துத் தனியே உலர்த்தினால் வண்டும் அழியும், பழமும் வீணாகாது.

தோல் நீக்குதலும் புளிக்கவைத்தலும்

பறித்த பழத்தைச் சாக்கில் கட்டி இரவு முழுவதும் வைத்தால் அது உள்ளுக்குள் சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும். அந்தப் புளிப்பு நாம் வேண்டும் புளிப்பு அன்று. எனவே பறித்த அன்றே, முடிந்தால் பொழுது சாயும் முன்பே, தோல் நீக்கிவிட வேண்டும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் செய்யாதீர்கள். அன்று மாலைக்குள் பல்பரில், அதாவது தோல் உரிக்கும் இயந்திரத்தில், போட முடியாத அளவுக்குப் பறிக்காமல் இருப்பதே இதற்கு வழி.

முதலில் ஒரு பெரிய டிரம்மில் நீர் நிரப்பிப் பழத்தைக் கொட்ட வேண்டும். மிதப்பவை பூச்சி குடைந்தவையும் உள்ளே பருப்பு நிறையாதவையும் ஆகும். அவற்றை முறத்தால் வாரி எடுத்து, பச்சைக் காய்களோடு சேர்த்துத் தோலுடனே செர்ரியாக உலர்த்த ஒதுக்கிவிட வேண்டும். அடியில் தங்கிய பழம் மட்டுமே பல்பருக்குப் போக வேண்டும்.

கையால் சுற்றும் பல்பரை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது இரண்டு கைப்பிடிப் பழத்தைப் போட்டுச் சுற்றிப் பார்த்து, கொட்டை நசுங்கியோ வெட்டுப்பட்டோ விழுகிறதா, அல்லது தோல் உரியாமலே வருகிறதா என்று கவனித்து இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். நேற்று மேட்டுக் காட்டில் பறித்த பழமும் இன்று பள்ளத்தில் பறித்த பழமும் ஒரே பருமனாக இரா. வெட்டுப்பட்ட கொட்டையில் பூஞ்சை எளிதில் ஏறும். வேலை முடிந்ததும் இயந்திரத்தைக் கழற்றிக் கழுவி, இடுக்கில் ஒரு கொட்டைகூட மிஞ்சாமல் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டு என் வீட்டில் இந்தக் கடைசி வேலையை அலுப்பினால் விட்டுவிட்டோம். முந்தைய நாளின் அழுகிய கொட்டைகள் சில புதியவற்றோடு கலந்து போயின. வாங்க வந்தவர் மூட்டையில் கை விட்டு அள்ளி மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் விலையைக் குறைத்தார். அவர் செய்தது சரியே. அழுகிய கொட்டை ஒன்றிரண்டு இருந்தாலே அதனோடு அரைபடும் காப்பி முழுவதும் நாறும்.

தோல் நீங்கிய கொட்டையின் மேல் வழவழப்பான பசை ஒட்டியிருக்கும். நீரை வடித்துவிட்டு, சிமெண்டுத் தொட்டியிலோ சுத்தமான பிளாஸ்டிக் டிரம்மிலோ கொட்டையைக் குவித்துச் சாக்கால் மூடி வைத்தால், அந்தப் பசை தானாகவே நொதித்துக் கரையும். அராபிகாவுக்குப் பொதுவாக 24 முதல் 36 மணி நேரம் ஆகும். டிசம்பர், ஜனவரி இரவுக் குளிரில் இது இன்னும் சில மணி நேரம் நீளும். வெயில் அடித்த நாளில் முன்னதாகவே முடியும். ஆகவே கடிகாரத்தை நம்பி உறங்கிவிட முடியாது. தொட்டியை இரண்டு மூன்று முறை கிளறிவிட்டு, 20 மணி நேரத்துக்குப் பிறகு அவ்வப்போது சோதிக்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து நீரில் அலசித் தேய்த்தால், வழுக்காமல் கூழாங்கற்கள் உரசுவது போல் கரகரப்பு இருக்க வேண்டும். ஒரு குச்சியைக் குவியலுக்குள் செருகி எடுத்தால் குழி மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்தவுடன், அது நள்ளிரவாக இருந்தாலும் எழுந்து கழுவிவிட வேண்டும். குறைவாக நொதித்தால் பசை மிஞ்சி உலரும்போது ஈரம் இழுக்கும். அதிகமாக நொதித்தால் காடி வாடை கொட்டைக்குள் இறங்கிவிடும், பிறகு அதை எடுக்க வழியில்லை.

கழுவும் நீர் சுத்தமாக இருப்பது அவசியம். மூன்று நீர் மாற்றிக் கழுவி, நீர் வசதி இருந்தால் ஓர் இரவு நல்ல நீரில் மூழ்க வைத்து எடுத்தால் கொட்டையின் நிறம் தெளியும். கழுவிய நீரை ஓடையில் விடாதீர்கள். நமது ஓடைகள்தாம் கீழே இருப்பவர்களுக்குக் குடிநீர்; பசை கலந்த அந்த நீர் அமிலத்தன்மை ஏறி, தண்ணீரின் உயிர்க்காற்றைத் தின்றுவிடும். தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டி, அதில் விட்டுச் சுண்ணாம்பு தூவலாம். உரித்த தோலைச் சாணத்தோடு மாற்றி மாற்றி அடுக்கி மட்கவைத்தால் அடுத்த பருவத்துக்குச் செடிக்கே எருவாகிறது.

உலர்த்தல்

பெரும் பொறுமை வேண்டிய பகுதி இதுதான். வடகிழக்குப் பருவமழை கார்த்திகையில் ஓயாமல் இருக்கும்போதே நமது முதல் பறிப்பு தொடங்கிவிடுகிறது. மழை நின்றாலும் மூடுபனி காலை வெகுநேரம் வரை விலகுவதில்லை. எனவே வெறும் மண் களத்தை நம்பவே கூடாது. மண்ணில் உலர்ந்த காப்பியில் மண் வாடை வீசும். இடுப்பு உயரத்தில் மூங்கிலும் வலையும் கொண்டு ஒரு பந்தல் தட்டு அமைத்தால் கீழிருந்தும் காற்று ஏறும். முதல் இரண்டு மூன்று நாள், நீர் சொட்டுகிற ஈரத்தில், இதுவே சிறந்தது. அதன் பிறகு சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, குறைந்தது மணிக்கு ஒரு முறை துழாவிவிட வேண்டும். வீட்டில் பள்ளிக்குப் போகாத வயதினர் யாராவது, பெரும்பாலும் தாத்தா பாட்டிமார், இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால் அது பிசகாமல் நடக்கும். எங்கள் வீட்டில் என் அம்மா செய்கிறார். மழை வாடை அவருக்கு எங்களுக்கு முன்பே தெரியும்.

மாலை நான்கு மணிக்குப் பனி இறங்குவதற்குள் குவித்து மூட வேண்டும். மூடுவதற்குச் சாக்கின் மேல் தார்ப்பாய் போட்டால், சாக்கு வேர்வையை இழுத்துக்கொள்ளும். தார்ப்பாயை நேராகப் போட்டால் உள்ளே வேர்த்து மறுநாள் காலை பூஞ்சணம் தெரியும்.

மழை விடாத ஆண்டுகளில், கழுவிய காப்பியை வண்டியில் ஏற்றி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கி, சேலத்தில் உறவினர் வீட்டு மொட்டை மாடியில் காய வைக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நாங்களும் ஒரு முறை செய்தோம். கீழே வெயில் கடுமை. கொட்டையின் மேலிருக்கும் பார்ச்மெண்ட் ஓடு வேகமாகச் சுருங்கி வெடித்துவிட்டது, உள்ளே மட்டும் ஈரம் நின்றது. வேறு வழியின்றி அப்படிச் செய்ய நேர்ந்தால், உச்சி வெயில் நேரத்தில், ஏறத்தாழ பதினொன்று முதல் இரண்டு மணி வரை, மூடி வைத்துவிட்டுக் காலையிலும் மாலையிலும் மட்டும் பரப்ப வேண்டும்.

வெயில் ஒழுங்காக அடித்தால் ஏழு முதல் பத்து நாளில் பார்ச்மெண்ட் காப்பி உலர்ந்துவிடும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு வர வேண்டும் என்பது கணக்கு. அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஒரே படியைத் தினமும் தலைதட்டி நிரப்பி எடை போட்டு எழுதி வரலாம். மூன்று நாள் தொடர்ந்து எடை மாறாவிட்டால் உலர்ந்தது என்று பொருள். இரண்டு கொட்டையின் ஓட்டை விரலால் பிரித்துப் பார்த்தால் பருப்பு சாம்பல் கலந்த நீலப் பச்சையாக இருக்கும். பல்லால் கடித்தால் நசுங்காமல் இலேசான தடம் மட்டும் பதியும். தோலோடு உலர்த்தும் செர்ரிக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும். ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென்று ஒலிக்க வேண்டும்.

வைப்பும் வீட்டுப் பங்கும்

உலர்ந்த காப்பியைப் புதிய அல்லது நன்கு துவைத்த சணல் சாக்கில், சூடு ஆறிய பிறகு கட்ட வேண்டும். உரம், பூச்சிமருந்து வந்த சாக்கு எவ்வளவு கழுவினாலும் ஆகாது. மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு ஜனவரி முதல் பறிப்புக்கு வந்துவிடும். அதை அதே களத்தில் காய வைத்தாலும் ஒரே அறையில் வைக்க வேண்டாம். காப்பி சுற்றியுள்ள வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும் பொருள். மண்ணெண்ணெய், மிளகு, பூண்டு எதுவும் அதன் அருகில் இருக்கலாகாது.

ஒவ்வொரு நாள் பறிப்பையும் தனித்தனிச் சாக்காக வைத்து, பறித்த நாள், பறித்த இடம், புளிக்க எடுத்துக்கொண்ட மணி நேரம், உலர்ந்த நாள் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அதே எண்ணைச் சாக்கின் மேல் மசியால் இட்டுவிடுங்கள். விலை பேசும்போது இந்த நோட்டைக் காட்டுகிறவரிடம் வியாபாரியின் பேச்சே வேறாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பருப்பு என்ற அளவில் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தச் சுற்றில் சேதம் மிகுந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

விற்பதற்கு முன் ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஓர் ஆழாக்கு எடுத்து, உரலில் மெல்லக் குத்தி, ஓட்டைப் புடைத்து நீக்கி, இரும்பு வாணலியில் மிதமான தீயில் கைவிடாமல் வறுத்து, ஆறவிட்டு அரைத்து, சிக்கரி கலக்காமல் பித்தளை ஃபில்டரில் இறக்கிப் பால் சேர்க்காமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எந்த நாள் காப்பியில் காடி வாடை, எதில் மண் வாடை, எதில் நாக்கில் நிற்கும் இனிப்பு என்பதை நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதி வைத்தால், அடுத்த நவம்பரில் முதல் பழம் சிவக்கும்போது எதை மாற்ற வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தைப் புரட்டியே சொல்லிவிடலாம்.