முதல் ஸ்கோப் வாங்குவோர் கவனத்திற்கு

சிங்கப்பூரில் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் 1.5 மடங்கு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வழியே குறிபார்த்துப் பழகிய நம்மவர்கள், பொழுதுபோக்காகச் சுடத் தொடங்கியதும் 24 மடங்கு பெரிதாக்கும் கருவியைத் தேடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. உருப்பெருக்கம் கூடக்கூடக் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும். 50 மீட்டர் இலக்குக்கு, 4 மடங்கு உருப்பெருக்கமும் 32 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸும் கொண்ட எளிய ஸ்கோப்பே போதும்.

விலையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இடமாறு பிழை. கண் சற்றே விலகினாலும் ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோலத் தோன்றுவதே அப்பிழை. பெரிய ரைபிள்களுக்கான ஸ்கோப்புகளில் இது பெரும்பாலும் 100 கஜத்துக்கும், .22 அங்குலக் குண்டு சுடும் சிறிய ரைபிள்களுக்கானவற்றில் 50 கஜத்துக்கும் சரிசெய்யப்பட்டிருப்பதால், 10 மீட்டரில் காற்றுத்துப்பாக்கி சுடுபவர் அந்தத் தூரம்வரை மாற்றியமைக்கக்கூடியதையே தேர்ந்தெடுக்க வேண்டும். சுருள்வில் காற்றுத்துப்பாக்கியின் அதிர்வு முன்னும் பின்னுமாக இருதிசையிலும் தாக்குவதால், அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பதும் அவசியம். ஒலிம்பிக் பாணி 10 மீட்டர் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை என்பதால், போட்டியே குறிக்கோளானால் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு, உள்ளே ஈரம் படியாதபடி நைட்ரஜன் வாயு நிரப்பிய கருவியே நல்லது. லென்ஸில் பூஞ்சை படியாதிருக்க, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வைக்கலாம். சிங்கப்பூரில் துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையானவை. இணையத்தில் ஆர்டர் செய்வதற்கு முன்னரே உங்கள் துப்பாக்கி சுடும் மன்றத்திடமும் காவல்துறையின் உரிமப் பிரிவிடமும் விசாரித்துவிடுங்கள்.